ஒரே மண்டலம், வேறு வேறு கட்டணம்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

முன்னுரை

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் நாட்டுப் பழமொழி. அரிசி வாங்கினாலும் ஆடை வாங்கினாலும் விலையைக் கேட்டறிந்த பின்னரே பணத்தை எடுப்பது நம் தாய்மார்களின் வழக்கம். பேருந்தில் ஏறினால் நடத்துநர் கிழித்துத் தரும் சீட்டில் கட்டணம் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். ஆனால் விலை இன்னதென்று தெரியாமலே ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய பணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து பின்னர் தானாகவே எடுக்கப்பட்டால் எப்படி இருக்கும்? இலண்டன் மாநகரில் நாள்தோறும் இரயிலில் வேலைக்குச் செல்லும் இலட்சக்கணக்கான மக்கள் இன்று இவ்வாறுதான் பயணம் செய்கின்றனர்.

அங்கே நிலையத்தின் நுழைவாயிலில் மஞ்சள் நிற வட்டப் பொறி ஒன்று இருக்கும். பயணி தம் வங்கி அட்டையை அதன்மேல் ஒரு நொடி வைத்தால் கதவு திறக்கும். இறங்கும் நிலையத்திலும் அவ்வாறே செய்து வெளியேறலாம். சீட்டு இல்லை, சில்லறை இல்லை, வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. இது அறிவியல் தந்த பெரிய வசதியே. ஆயினும் இந்த வசதியின் அடியில் சில கட்டண முரண்பாடுகள் மறைந்துள்ளன. ஒத்த பயணம் செய்யும் இருவர் வேறு வேறு தொகை செலுத்துவதும், அதன் காரணம் அவர்களுக்கே தெரியாமல் இருப்பதும்தான் கட்டண முரண்பாடு எனப்படும்.

இலண்டன் கட்டணத்தைப் பற்றி நமக்கென்ன என்று தோழியர் சிலர் கேட்கலாம். இலண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில் தமிழர் பலர் வாழ்கின்றனர். அங்குள்ள கடைத்தெருவில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளையும் காணலாம். நம்மில் சிலருடைய அத்தையும் சித்தப்பாவும் அந்த மஞ்சள் வட்டத்தைத் தொட்டுத்தான் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். மேலும், 2023-ஆம் ஆண்டு சென்னை மெட்ரோ இரயிலில் 'சிங்காரச் சென்னை' அட்டை அறிமுகமாயிற்று. அட்டைப் பயணம் நம் வாசலுக்கும் வந்துவிட்ட இந்நாளில், முன்னே சென்றவர்களின் அனுபவத்தை அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும்.

சீட்டிலிருந்து அட்டைக்கு

உலகின் முதல் நிலத்தடி இரயில் 1863-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் இலண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அது முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணிகள் சீட்டு வாங்கியே பயணம் செய்தனர்.

இலண்டனில் கட்டணம் என்பது அரசியல் சிக்கலாகவும் இருந்திருக்கிறது. 1981 அக்டோபரில் பெரு இலண்டன் மன்றம் பேருந்து, நிலத்தடி இரயில் கட்டணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதை எதிர்த்துப் புறநகர் மன்றம் ஒன்று வழக்குத் தொடுத்தது. அக்குறைப்புச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1981 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதியாளர்கள் தீர்ப்பளித்தனர். 1982 மார்ச்சில் கட்டணங்கள் ஏறக்குறைய இரு மடங்காயின. பின்னர் 1983-இல் மண்டல முறையை அடிப்படையாகக் கொண்ட 'டிராவல் கார்டு' என்னும் பொதுச் சீட்டு வந்தது.

மண்டல முறை எளிதானது. குளத்தில் கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலைகள் விரியும் அல்லவா? அதுபோல நகரின் நடுப்பகுதி 1-ஆம் மண்டலம். அதைச் சுற்றி 2, 3 என்று விரிந்து 6-ஆம் மண்டலம் வரை செல்லும். அதற்கு அப்பால் 9 வரையிலும் மண்டலங்கள் உண்டு. எத்தனை மண்டலங்களைக் கடக்கிறோமோ அதற்கேற்பக் கட்டணம் உயரும். 1-ஆம் மண்டலத்தினுள் நுழைந்தால் விலை கூடும்.

2003-ஆம் ஆண்டு 'ஆய்ஸ்டர்' அட்டை வந்தது. ஆய்ஸ்டர் என்றால் சிப்பி. பணத்தை முன்கூட்டியே அட்டையில் இட்டு வைத்துக்கொண்டு, பயணம் செய்யச் செய்யக் கழித்துக்கொள்ளும் முறை அது. 2005-இல் நாள் உச்சவரம்பு ஏற்பட்டது. அதாவது, ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் எடுக்கமாட்டார்கள். 2010 ஜனவரியில் இலண்டனுக்குள் ஓடும் தேசிய இரயில்களுக்கும் இம்முறை விரிந்தது. 2012 டிசம்பரில் பேருந்துகளிலும், 2014 செப்டம்பர் 16 முதல் இரயில்களிலும் வங்கி அட்டையையே நேராகப் பயன்படுத்தலாம் என்ற நிலை வந்தது.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

ஆய்ஸ்டர் அட்டைக்கும் வங்கி அட்டைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஆய்ஸ்டரில் பயணி வெளியேறும் அந்த நொடியிலேயே கட்டணம் கழிக்கப்படும். வங்கி அட்டையிலோ, எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு அட்டை வைக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே பொறியில் பதிவாகும். நாள் முடிந்தபின், அலுவலகக் கணிப்பொறி அன்றைய குறிப்புகளையெல்லாம் ஒன்று சேர்த்து, பயணங்களைக் கோத்து, உச்சவரம்பைக் கணக்கிட்டு, மொத்தத் தொகையை வங்கியிடம் கேட்கும்.

ஆகவே வங்கி அட்டையுடன் வாயிலைக் கடப்பவருக்கு அங்கே விலை எதுவும் காட்டப்படுவதில்லை. பின்னர் தம் கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பலர் பார்ப்பதே இல்லை. 'கணிப்பொறி சரியாகத்தான் கணக்கிட்டிருக்கும்' என்று நம்பிவிடுகின்றனர். கணிப்பொறி கூட்டலில் தவறு செய்வதில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட விதிகளில் முரண்பாடு இருந்தால், அந்த முரண்பாட்டையும் அது பிழையின்றிக் கணக்கிட்டு விடும். இனி அந்த முரண்பாடுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் முரண்பாடு: இரு வகைத் தண்டவாளம்

பிளேஸ்டோ என்பது கிழக்கு இலண்டனில் உள்ள நிலையம். காட்ஃபோர்டு என்பது தென்கிழக்கு இலண்டனில் உள்ள நிலையம். இரண்டும் 3-ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. இரண்டு ஊர்களிலிருந்தும் இரு பெண்கள் நகரின் நடுவே உள்ள ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸுக்கு வேலைக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மண்டல முறைப்படி பார்த்தால் இருவருக்கும் கட்டணம் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆனால் நடப்பது வேறு. பிளேஸ்டோவிலிருந்து வருபவர் வழியில் வண்டி மாறினாலும் முழுத் தொலைவும் நிலத்தடி இரயிலிலேயே வருகிறார். காட்ஃபோர்டில் நிலத்தடி இரயில் இல்லை. அங்கிருந்து வருபவர் தேசிய இரயிலில் பிளாக்ஃபிரையர்ஸ் வந்து, அங்கே நிலத்தடி இரயிலுக்கு மாற வேண்டும். நிலத்தடி இரயிலுக்கு ஒரு கட்டண அட்டவணை. தேசிய இரயிலுக்கு வேறோர் அட்டவணை. இரண்டையும் சேர்த்து நகரின் நடுப்பகுதிக்குள் செல்வோருக்கு இவ்விரண்டையும் விட உயர்ந்த மூன்றாவது அட்டவணை. ஆகவே காட்ஃபோர்டுப் பெண்மணி ஒவ்வொரு முறையும் ஒரு பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் செலுத்துகிறார்.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. நிலத்தடி இரயில் மாநகர நிருவாகத்தைச் சேர்ந்தது. தேசிய இரயில்களோ 1993-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தைத் தொடர்ந்து பல தனியார் குழுமங்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நகரின் வடக்கே நிலத்தடிப் பாதைகள் மிகுதி. தெற்கே மிகக் குறைவு. எனவே தெற்கே வாழும் மக்களே இந்த இரட்டைச் சுமையைப் பெரிதும் தாங்குகின்றனர். உச்சவரம்பு இரு வகை இரயிலுக்கும் ஒன்றே என்பது ஓரளவு ஆறுதல். எனினும் அந்த உச்சவரம்பை எட்டாதவரை வேறுபாடு நீங்குவதில்லை.

இரண்டாம் முரண்பாடு: இரவுப் பணியாளரின் காலைப் பயணம்

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9.30 வரையிலும், மாலை 4 முதல் 7 வரையிலும் நெரிசல் நேரம் ஆகும். அந்நேரத்தில் கட்டணம் கூடுதல். பயணி எந்நேரத்தில் அட்டையை வைத்து உள்ளே நுழைகிறார் என்பதுதான் கணக்கு. காலை 9.29-க்கு நுழைந்தவர் கூடுதல் கட்டணமும், 9.31-க்கு நுழைந்தவர் குறைந்த கட்டணமும் செலுத்துவர். இருவரும் ஒரே வண்டியில், அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்தும் செல்லலாம்! எல்லைக்கோடு என்று ஒன்று இருந்தால் இப்படி நேர்வது இயல்புதான். எனவே இதை நாம் பெரிதாகக் குறை கூற வேண்டியதில்லை.

ஆனால் இதில் இன்னொன்று உள்ளது. மாலை நெரிசல் நேரத்தில், மக்கள் வெள்ளம் நகரிலிருந்து வெளியே செல்லும். அப்போது எதிர்த்திசையில், அதாவது வெளியிலிருந்து 1-ஆம் மண்டலத்துக்கு வருவோருக்கு இலண்டன் போக்குவரத்து நிருவாகம் குறைந்த கட்டணமே வாங்குகிறது. எதிர்த்திசை வண்டியில் இடம் இருக்கும் என்பதால் இது நியாயமே. காலையில் மக்கள் வெள்ளம் நகருக்குள் வரும். அப்போது எதிர்த்திசையில் வெளியே செல்வோருக்கும் அதே சலுகை இருக்க வேண்டும் அல்லவா? இல்லை! காலையில் எத்திசையில் சென்றாலும் கூடுதல் கட்டணமே.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? இரவெல்லாம் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கும் பெண்கள், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த செவிலியர், வாயிற்காவலர் ஆகியோரே. ஊர் உறங்கும்போது விழித்திருந்து உழைத்தவர், காலை 7 மணிக்குக் கூட்டமில்லாத வண்டியில் வீடு திரும்பும்போது நெரிசல் கட்டணம் செலுத்துகிறார். வேலை சற்று முன்னதாக முடிந்து 6.25-க்கு நிலையத்தில் நுழைய முடிந்தால் குறைந்த கட்டணம் கிடைக்கும். ஆனால் பணி நேரத்தை முடிவு செய்வது அவர் கையில் இல்லையே!

மூன்றாம் முரண்பாடு: இளஞ்சிவப்புப் பொறியின் மறைபொருள்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல இரு வழிகள் இருப்பதுண்டு. ஒன்று நகரின் நடுவே செல்வது. மற்றொன்று நடுப்பகுதியைத் தொடாமல் சுற்றிச் செல்வது. சுற்றிச் செல்பவர் 1-ஆம் மண்டலத்தில் நுழைவதில்லை. ஆகவே அவருக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அவர் எவ்வழியே வந்தார் என்பது கணிப்பொறிக்கு எப்படித் தெரியும்? நுழைந்த இடமும் வெளியேறிய இடமும் மட்டும்தானே அதற்குத் தெரியும்?

இதற்காக ஹைபரி அண்டு இஸ்லிங்டன், கனடா வாட்டர், காஸ்பல் ஓக் முதலிய மாறும் நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறப் பொறிகளை வைத்துள்ளனர். வண்டி மாறும்போது அப்பொறியிலும் அட்டையை வைத்தால், 'இவர் சுற்றுவழியே வந்தார்' என்று பதிவாகும். இதை அறிந்தவர் குறைந்த கட்டணம் செலுத்துகிறார். அறியாதவர் அதே வண்டியில், அதே வழியில் வந்தும், நடுப்பகுதி வழியாக வந்தவராகக் கருதப்பட்டுக் கூடுதலாகச் செலுத்த நேரிடும். ஊருக்குப் புதியவருக்கும் ஆங்கிலம் அறியாதவருக்கும் அந்த இளஞ்சிவப்பு நிறம் எதைச் சொல்கிறது என்று எப்படிப் புரியும்?

நான்காம் முரண்பாடு: திங்களில் தொடங்கும் வாரம்

நாள் உச்சவரம்பு போலவே வார உச்சவரம்பும் உண்டு. ஆனால் அந்த வாரம் எப்போதும் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடியும். பழைய ஏழு நாள் சீட்டையோ எந்தக் கிழமையிலும் தொடங்கிக்கொள்ளலாம். இதனால் ஏற்படும் வேறுபாட்டை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம். எளிமைக்காகத் தொகைகளை நாமே வைத்துக்கொள்கிறோம்.

நாள் உச்சவரம்பு 8 பவுண்டு. வார உச்சவரம்பு 40 பவுண்டு. ஒருவர் ஏழு நாளும் நாள் உச்சவரம்பு எட்டும்படி பயணம் செய்கிறார். திங்கள் முதல் ஞாயிறு வரை என்றால், 7 × 8 = 56. ஆனால் வார உச்சவரம்பின்படி அவர் செலுத்துவது 40 பவுண்டு மட்டுமே.

அதே ஏழு நாளும் வியாழனில் தொடங்கிப் புதனில் முடிந்தால் என்ன ஆகும்? வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள்; 4 × 8 = 32. அடுத்த வாரம் திங்கள் முதல் புதன் வரை மூன்று நாள்; 3 × 8 = 24. இரண்டு தொகையும் 40-ஐ எட்டவில்லை. ஆகவே மொத்தம் 56 பவுண்டு. ஒரே வேலை, ஒரே வழி, ஒரே ஏழு நாள். ஆயினும் 16 பவுண்டு கூடுதல்! ஒழுங்கான கிழமைகளில் வேலை செய்யும் அலுவலருக்கு இச்சிக்கல் இல்லை. முறை மாற்றிப் பணி செய்யும் தொழிலாளிக்கே இது நேர்கிறது.

இதனோடு சேர்ந்த மற்றொரு குறையும் உண்டு. காலையில் அட்டையையும் மாலையில் கைப்பேசியையும் வைத்தால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையாயினும், கணிப்பொறி அவற்றை இரு வேறு பயணிகளாகக் கருதிவிடும். உச்சவரம்பும் தனித்தனியே கணக்கிடப்படும்.

ஐந்தாம் முரண்பாடு: சலுகை அறியாத வங்கி அட்டை

பிரிட்டனில் இளைஞர், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இரயில் சலுகை அட்டைகள் உண்டு. நெரிசலற்ற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். இச்சலுகையை ஆய்ஸ்டர் அட்டையில் பதிவு செய்துகொள்ளலாம். வங்கி அட்டையிலோ இலண்டனில் அதைப் பதிவு செய்ய வழியில்லை. நம் வயதை ஒத்த 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று தனிப் புகைப்பட அட்டை உண்டு. அதை வைத்தால் சிறுவர் கட்டணம். அதை விடுத்து, தாயின் வங்கி அட்டையை வாங்கி வைத்தால், பெரியவர் கட்டணம் முழுவதும் எடுக்கப்படும்.

சரி, சலுகையுள்ளவர்கள் ஆய்ஸ்டரையே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாம். அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இலண்டனுக்கு மேற்கே ரெடிங் நகர் வரை 2020 ஜனவரி முதல் வங்கி அட்டை செல்லும். ஆய்ஸ்டரோ வழியில் உள்ள வெஸ்ட் டிரேட்டனோடு நின்றுவிடும். 2025 பிப்ரவரியில் இலண்டனைச் சுற்றியுள்ள மேலும் பல நிலையங்களுக்கு வங்கி அட்டை முறை விரிந்தபோதும் நிலை இதுவே. ஆகவே சலுகை பெறுவோர் அங்கெல்லாம் பழையபடி சீட்டு வாங்கினால்தான் பயன்பெற முடியும். வசதி ஒரு பக்கம், சலுகை மறு பக்கம் என்று பிரிந்து நிற்கின்றன.

ஆறாம் முரண்பாடு: முழுமையை விடப் பகுதிகள் மலிவு

முழுமை என்பது அதன் பகுதிகளின் கூட்டுத் தொகை என்று கணிதத்தில் படிக்கிறோம். பிரிட்டன் இரயிலில் இது பல வேளைகளில் பொய்த்துப் போகிறது! இலண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே சீட்டாக வாங்குவதை விட, இடையில் உள்ள டிட்காட் வரை ஒன்று, அங்கிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்கினால் மலிவாக முடிவதுண்டு. வண்டி அந்த இடை நிலையத்தில் நின்று செல்ல வேண்டும் என்பதே விதி. பயணி இறங்க வேண்டியதில்லை. இது குறுக்கு வழியன்று. பயண விதிகளே அனுமதிக்கும் முறை.

ஆனால் வங்கி அட்டையில் பயணம் செய்பவர் எவ்வாறு இரண்டாகப் பிரிப்பார்? வண்டியை விட்டு இறங்கி, வாயிலுக்கு வெளியே சென்று, மீண்டும் உள்ளே வந்தாலன்றி இயலாது. கணிப்பொறி முழுப் பயணத்துக்குரிய விலையையே போடும். நுட்பம் அறிந்தவர் சீட்டு வாங்கிச் சேமிக்கிறார். எளிய வழியை நம்பியவர் இழக்கிறார்.

விலை இடத்துக்கு இடம் எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு ஹீத்ரோ விமான நிலையமும் ஓர் எடுத்துக்காட்டு. அது 6-ஆம் மண்டலத்தில் உள்ளது. நகரின் நடுவிலிருந்து பிக்கடில்லி பாதையில் சென்றால் ஒரு கட்டணம். 2022 மே 24-இல் நடுநகரில் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையில் சென்றால் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். விமான நிலையத்துக்குச் செல்லும் கிளைத் தண்டவாளம் விமான நிலையக் குழுமத்துக்குச் சொந்தமானது. அதைப் பயன்படுத்த அக்குழுமம் தனிக் கட்டணம் கேட்கிறது. மண்டலப் படத்தைப் பார்க்கும் பயணிக்கு இது எங்கே தெரியப்போகிறது?

எது முறை? எது முரண்?

இக்கட்டுரைக்காகச் செய்திகளைத் திரட்டியபோது எங்கள் வகுப்பில் ஒரு வாதம் எழுந்தது. 'ஒரே வண்டிக்கு ஒரே விலைதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அநீதி' என்றனர் சிலர். 'நெரிசல் நேரத்தில் கூடுதல் கட்டணம் வைத்தால்தானே இயன்றவர்கள் வேறு நேரத்துக்கு மாறுவர்? வேறுபாடு எல்லாமே அநீதி ஆகாது' என்றனர் வேறு சிலர். கணக்கு ஆசிரியையான அருட்சகோதரி இரு சாராரையும் கேட்டுவிட்டு, 'வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல முடியுமா? அந்தக் காரணம் அந்தப் பயணிக்குப் பொருந்துமா? அது அவருக்கு முன்னரே தெரியுமா? இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள்' என்றார்.

நாங்கள் அம்மூன்று வினாக்களையும் உரைகல்லாகக் கொண்டோம். நெரிசல் கட்டணத்துக்குக் காரணம் உண்டு. நேரமும் எங்கும் அறிவிக்கப்படுகிறது. ஆகவே அது முறையானதே. ஆனால் கூட்டமில்லாத வண்டியில் வீடு திரும்பும் இரவுப் பணியாளருக்கு அந்தக் காரணம் பொருந்தவில்லை. காட்ஃபோர்டுப் பெண்மணியின் கூடுதல் கட்டணத்துக்கு வரலாறு காரணமாகலாம். அவர் செய்த செயல் எதுவும் காரணமன்று. இளஞ்சிவப்புப் பொறிக்கும் சலுகையற்ற வங்கி அட்டைக்கும் வரும்போது, அறியாமையே விலையாகிவிடுகிறது. அறிந்தவருக்கு ஒரு விலை, அறியாதவருக்கு ஒரு விலை என்பது சந்தையில் கூடக் குற்றமாகக் கருதப்படும். பொதுமக்களுக்கான வண்டியில் அது எப்படிப் பொருந்தும்?

திருத்தப்பட்ட குறைகள்

முரண்பாடுகளைச் சொல்லும் நாம், அவற்றுள் சில திருத்தப்பட்டிருப்பதையும் சொல்வதே நேர்மை. ஸ்டிராட்ஃபோர்டு நிலையம் முன்பு 3-ஆம் மண்டலத்தில் இருந்தது. 2016 ஜனவரியில் அதுவும் அருகிலுள்ள சில நிலையங்களும் 2-க்கும் 3-க்கும் பொதுவான எல்லை நிலையங்களாக மாற்றப்பட்டன. எல்லை நிலையத்துக்கு, பயணிக்கு எது மலிவோ அந்த மண்டலமே கணக்கில் எடுக்கப்படும். நம் தமிழர் வாழும் ஈஸ்ட் ஹாமும் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட எல்லை நிலையமே. நகரை நோக்கிச் செல்பவருக்கு அது 3-ஆம் மண்டலம். வெளிப்புறம் செல்பவருக்கு 4-ஆம் மண்டலம். பயணிக்குச் சாதகமான நல்ல விதி இது.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. 2014 முதல் வங்கி அட்டைக்கு வார உச்சவரம்பு இருந்தது. தொகை இட்டுப் பயணம் செய்யும் ஆய்ஸ்டருக்கு அது இல்லை. வங்கி அட்டை இல்லாதவர் பெரும்பாலும் ஏழைகளே. அவர்கள் முன்கூட்டியே வாரச் சீட்டு வாங்காவிட்டால், ஏழு நாள் பயணத்துக்குக் கூடுதலாகச் செலுத்தினர். 2021 செப்டம்பரில்தான் ஆய்ஸ்டருக்கும் அதே வார உச்சவரம்பு கிடைத்தது. ஏழு ஆண்டுகள் கடந்தன என்றாலும் குறை நீங்கியது.

இரயில்களின் உடைமையும் மாறி வருகிறது. 2024-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தனியார் குழுமங்களின் பொறுப்பில் இருந்த இரயில் சேவைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வரத் தொடங்கின. முதலாவதாகத் தென்மேற்கு இரயில் சேவை 2025 மே 25-இல் வந்து சேர்ந்தது. பல கைகளில் இருந்ததால் பல விலைகள் என்ற பழைய காரணம் இனி வலுவிழக்கும். அப்போதாவது கட்டண அட்டவணைகள் ஒன்றாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

இலண்டன் செல்வோருக்குச் சில குறிப்புகள்

நம் பெற்றோரில் பலர் பிள்ளைகளைப் பார்க்க இலண்டன் சென்று வருகின்றனர். அவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. நுழையும்போதும் வெளியேறும்போதும் மறவாமல் அட்டையை வைக்க வேண்டும். வெளியேறும்போது வைக்காவிட்டால் பயணம் முற்றுப்பெறாததாகக் கருதி மிக உயர்ந்த கட்டணத்தை எடுத்துவிடுவர். கதவே இல்லாத சிறு நிலையங்களிலும் பொறி இருக்கும்.

2. காலையில் எந்த அட்டையை வைத்தோமோ அதையே வாரம் முழுவதும் வைக்க வேண்டும். கைப்பேசியையும் அட்டையையும் மாற்றி மாற்றி வைத்தல் கூடாது.

3. ஒருவருக்கு ஓர் அட்டை. கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையில் ஒன்றாகச் செல்ல இயலாது.

4. இளஞ்சிவப்புப் பொறியைக் கண்டால், நகரின் நடுப்பகுதியைத் தவிர்த்துச் செல்வோர் அதிலும் அட்டையை வைக்க வேண்டும்.

5. நடுநகருக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே 2022 செப்டம்பர் முதல் எந்நேரத்திலும் நெரிசல் கட்டணமே வாங்கப்படுகிறது. ஆகவே நேரத்தை மாற்றிப் பயனில்லை. பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சேமிப்பு.

6. வாரம் ஒரு முறையாவது பயணக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

முடிவுரை

தொட்டால் திறக்கும் கதவு மனித அறிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை. வரிசையில் காத்து நிற்கும் துன்பம் ஒழிந்தது. எந்தச் சீட்டு மலிவு என்று எண்ணிக் குழம்பும் தொல்லையும் பெரிதும் குறைந்தது. ஆயினும் கதவு எளிதாகத் திறப்பதனாலேயே கட்டணம் நேர்மையானதாக ஆகிவிடாது. விலையைக் கண்ணால் காணாதபோது, கேள்வி கேட்கும் பழக்கமும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. முரண்பாடுகள் நீடிப்பதற்கு அதுவே பெருங்காரணம்.

எனவே நாங்கள் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் தாம் செலுத்தும் தொகை அங்கேயே தெரிய வேண்டும். ஒரே மண்டலத்திலிருந்து வருவோர் எந்தத் தண்டவாளத்தில் வந்தாலும் ஒரே கட்டணம் செலுத்த வேண்டும். சலுகைக்கு உரியவர் எந்த அட்டையை வைத்தாலும் சலுகை அவரை வந்தடைய வேண்டும். இரவெல்லாம் உழைத்துக் காலையில் வீடு திரும்பும் தாய்க்கு, மாலையில் கிடைக்கும் அதே சலுகை காலையிலும் கிடைக்க வேண்டும். விதிகளை எழுதுவோர் மிகுதியாக அறிந்தவரை மனத்தில் கொண்டு எழுதாமல், ஊருக்கு நேற்று வந்து இறங்கிய ஒருவரை மனத்தில் கொண்டு எழுதினால் இவை யாவும் கைகூடும்.

தோழியரே! நாளை நாமும் அட்டையைத் தொட்டு வண்டியேறப் போகிறவர்கள்தாம். கதவு திறந்ததும் ஓடி விடாமல், 'எவ்வளவு எடுத்தார்கள்? ஏன் எடுத்தார்கள்?' என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். நம் பக்கத்தில் நிற்பவருக்கும் அதை எடுத்துச் சொல்வோம். கணக்குக் கேட்பது கஞ்சத்தனமன்று. அது குடிமக்களின் கடமை.